ஒரு விரற்கடை டேப்

8.8.2005, திங்கள்
விமானத்தின் சக்ஷன் கேஜ் ஊசி இன்றும் நாலேகாலில்தான் நிற்கிறது. நாலரைக்கும் ஐந்தரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஃபில்டரைக் கழற்றினால் கடற்காற்று ஈரத்தில் கறுத்துப் பிசுபிசுத்துக் கிடந்தது. புதிதைப் போட்டும் ஊசி அசையவில்லை. எரிச்சலாக வருகிறது. இன்ஜினோடு ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன பம்ப் காற்றை இழுத்தால்தான் கைரோ சுழலும். கைரோ சுழன்றால்தான் விமானம் நேராகப் போகிறதா சாய்ந்து போகிறதா என்று பைலட்டுக்குக் காட்டும். வெயில் நாளில் கண்ணே போதும். கடல்மேல் மூட்டம் போட்டால்?

கேப்டன் கலையரசன் சிரிக்கிறார். "உங்க ஊர் உப்பளத்து மேல கேமராவ வச்சிக்கினு நாலு ரவுண்டு அடிக்கப் போறேன். அதுக்கு ஏன் ஜான்சி இவ்ளோ டென்ஷன்?" சுனாமிக்குப் பிறகு கரை எவ்வளவு மாறியிருக்கிறது என்று படம் எடுக்கும் வேலை. பாண்டியிலிருந்து மரக்காணம் வரை தினமும் போய்வருகிறார். அதே தூரம் நான் பஸ்ஸில்.

10.8, புதன்
கண்டுபிடித்துவிட்டேன்! பம்பில் குழாய் சேரும் எல்போ மூட்டில் காற்றுக் கசிவு. உப்பளத்தில் அப்பாவின் பம்ப்செட் காற்று வாங்கினால் முதல் வேலை மூட்டில் டேப் சுற்றுவதுதானே, எட்டு வயதிலிருந்து சுற்றுகிறேன். வெள்ளை டேப் மூன்று சுற்று சுற்றி இறுக்கினேன். ஊசி ஐந்தில் போய் உட்கார்ந்தது.

இன்ஜினியர் லைசென்ஸ் உள்ளவர் தெய்வசிகாமணி சார்தான், எனக்கு இன்னும் இல்லை. என் வேலைக்கெல்லாம் கையெழுத்து அவருடையது. கேஜைத் தட்டிப் பார்த்தார். "என்னம்மா பண்ண?"

"மூட்டு லூசா இருந்துச்சு சார், டைட் பண்ணிட்டேன்."

கையெழுத்துப் போட்டார். டேப்பைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

15.8
லீவு. நாள் பூராவும் தூக்கம்.

19.8, வெள்ளி
லைசென்ஸ் பரீட்சைக்குப் படிக்க சாரிடம் மேனுவல் வாங்கி வந்தேன். பஸ்ஸில் புரட்டிக்கொண்டே வந்தேன். பொம்மையார்பாளையம் தாண்டும்போது பம்ப் பற்றிய பக்கம் வந்தது. மரக்காணத்தில் இறங்கும் வரை அதே பக்கம்தான். பம்ப் மூட்டில் டேப், பேஸ்ட் எதுவும் கூடாதாம். துணுக்கு உள்ளே போனால் பம்பின் கார்பன் தகடுகள் நொறுங்கும். பம்ப் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகும்.

ஒன்பது நாளாக அந்த டேப் அங்கே இருக்கிறது. தண்ணீர் இறைக்கிற பம்புக்குச் செய்ததை இதற்கும் செய்து வைத்திருக்கிறேன். முட்டாள். முட்டாள்.

20.8, சனி
சொல்லத்தான் போனேன். நான் போவதற்குள் விமானம் கிளம்பிவிட்டது. அது திரும்பி வந்ததும் சாரிடம் போனேன். அவர் முந்திக்கொண்டார். "பரீட்சைக்கு என் லெட்டர் வேணும்ல? திங்கக்கிழமை கையெழுத்து போட்டுத் தர்றேன்." வாயைத் திறந்தேன். "தேங்க்ஸ் சார்" என்று வருகிறது!

லாக்புக்கில் அவர் கையெழுத்து. மாட்டினால் அவரும்தான். திங்கள் காலை சத்தமில்லாமல் டேப்பை உருவிவிட்டால் யாருக்குத் தெரியும்? நாளை எனக்கு லீவு, ஒருநாள்தானே பறக்கும். — ஒருநாள் என்றால் என்ன, பறக்கிறவன் மனிதன் இல்லையா?

21.8, ஞாயிறு
மாதா கோயிலில் பூசை முடிந்து உப்பளத்தில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனேன். மேலே சத்தம். அம்மா உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "உன் ப்ளேன் போவுது பாருடி!" விமானம் கடல் பக்கம் திரும்பியது. அங்கே ஒரே வெண்மூட்டம், தண்ணீர் எது வானம் எது என்றே தெரியவில்லை. உள்ளே போனது. கொஞ்ச நேரம் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

"ஏன்டி மூஞ்சி இப்பிடி இருக்குது? சாப்டியா?"

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். மாதாவே, மாதாவே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். கூனிமேட்டுப் பக்கமாக அது மறுபடி தெரிந்தபோது அழுகை வந்தது. போன் பண்ணியிருக்கலாம். பஸ் ஸ்டாண்டில் பூத் இருக்கிறது. ஏன் பண்ணவில்லை?

22.8, திங்கள்
முதல் பஸ். போனதும் எல்போவைக் கழற்றினேன். டேப் பிய்ந்து பிய்ந்து வந்தது. தரையில் விரித்து ஒட்டவைத்துப் பார்த்தேன். ஒரு விரற்கடை குறைகிறது. குழாயில் இல்லை, தரையில் இல்லை. அப்படியென்றால் பம்புக்குள்.

கேப்டன் பையோடு வந்துவிட்டார். லாக்புக்கில் கையெழுத்துப் போட சார் பேனாவைத் திறந்துவிட்டார்.

"போவாதீங்க சார். பம்ப் உள்ள டேப் துண்டு இருக்குது. நான்தான் சுத்தினேன்."

சாரே பம்பைக் கழற்றினார். பம்பின் வாயில் வெள்ளை நார். ஒரு தகட்டின் மூலை உடைந்திருந்தது.

"உனக்கு எப்ப தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

"தெரியாம சுத்தின, சரி. ரெண்டு நாளு தெரிஞ்சிக்கினே அவன அனுப்பியிருக்கியே?"

கேப்டன் கத்தவில்லை. "நேத்து கடல் மேல ஒண்ணுமே தெரியல ஜான்சி. அந்த கைரோவ மட்டும் பாத்துக்கினு வந்தேன்," என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

23.8
தான் அந்த மூட்டைத் திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டதாக சார் தன் பெயரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு மாதத்துக்கு அவர் கையெழுத்து செல்லாது. லெட்டரை நான் கேட்கவில்லை.

5.9
புது பம்ப். குழாய் ஒவ்வொன்றையும் கழற்றி ஊதிச் சுத்தம் செய்தேன். வேறு இன்ஜினியர் வந்து பக்கத்திலேயே நின்று பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஏறுவதற்கு முன் கேப்டன் கேட்டார்: "சொல்ல வேண்டியது எதாச்சும் இருக்குதா?" "இல்ல சார்."

14.9
தினமும் கேட்கிறார். தினமும் உடம்பு கூசுகிறது.

19.9
இன்று பரீட்சை. நான் ஹேங்கர் தரையைக் கழுவினேன்.

7.10, வெள்ளி
கேப்டன் இன்று கேட்கவில்லை. ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். சக்கரக் கட்டையை எடுக்கச் சொல்லிக் கை காட்டினார். நம்பிவிட்டாரா, மறந்துவிட்டாரா? ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

"சார், நீங்க கேக்கல. ரெகுலேட்டர் ஃபில்டர நேத்து மாத்தினேன். ஊசி அஞ்சுல நிக்கும். எறங்குச்சுன்னா திரும்பி வந்துடுங்க."

கேஜை விரலால் ஒருமுறை தட்டினார். "சரி," என்றார்.

கட்டையை எடுத்தேன்.