ஏழாம் குழந்தை

என் தங்கச்சிக்கு,

சந்தையில் உன் ஆராய்ச்சிக் கட்டுரையைப் படிக்கிற மாதிரி நடித்து மாட்டிக்கொண்டேன். "மீன்காரக்கா, எழுத்தெல்லாம் தலைகீழா நிக்குதே!" என்று நர்ஸ் அபோண்டி சிரித்தாள். பிறகு அவளே படித்துச் சொன்னாள்; நான் சொல்லச் சொல்ல இந்தக் கடிதத்தை எழுதுவதும் அவள்தான்.

மலேரியா மருந்து பற்றிய அந்த ஒரு கட்டுரையை முன்னூறு பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்களாம். என் மீன் நாற்றத்தைப் பற்றிக்கூட அத்தனை பேர் பேசியதில்லை.

"இதுல ஏழாம் குழந்தைன்னு ஒண்ணு வருதுக்கா. மருந்து குடுத்தும் பிழைக்கல."

"அது என் மக அவூர். ஜிலேபி மீன் வச்சா முதல்ல கண்ணத்தான் திம்பா" என்றேன். அபோண்டி அதற்குமேல் படிக்கவில்லை.

அந்த முன்னூறு பேருக்கு இது தெரியாது. உனக்குத் தெரியும். அதனால்தான் மூன்று வருடமாக நம் ஊர் கிசுமுப் பக்கம் வராமல் எழுதிக்கொண்டே இருக்கிறாய். மருந்து கொடுத்தவள் நீதான். கடைசிவரை அவள் கையைப் பிடித்திருந்தவளும் நீதான். நான் ஊரில் இரண்டாவதைத்தான் சொல்கிறேன்.

கட்டுரையை அவள் கல்லறைமேல் வைத்து, பறக்காமலிருக்கக் கல்லும் வைத்தேன். நேற்று பக்கத்து வீட்டு ஆடு முதல் பக்கத்தைத் தின்றுவிட்டது. உன் பெயர் இருந்த பக்கம். வரும்போது இன்னொன்று கொண்டுவா.

உன் அக்கா