ஆறாவது இறக்கை

உன் படகு இன்ஜினின் மேல்மூடியை இன்று காலையில் கழற்றினேன். உப்பும் கருகிய பெயின்டும் கலந்த வாடை வந்தது. சூடேறி நின்றுபோன எல்லா இன்ஜினிலும் வருகிற வாடைதான். இருபத்தைந்து வருடமாக மோந்துகொண்டிருக்கிறேன். மூடியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எதிர்க் கடையில் டீ சொன்னேன்.

உன் தம்பி ராயப்பன் நேற்று லோடு ஆட்டோவில் இதைக் கொண்டுவந்து இறக்கினான். மூன்று மாதமாக உன் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததாம்.

"மைனி சொல்லிட்டாவ அண்ணே. இத ரெடி பண்ணிக் குடுங்க. நான் தொழிலுக்குப் போறேன். எத்தன நாளு சும்மா இருக்க?"

தலையை ஆட்டினேன். வாசல் வரைக்கும் போனவன் திரும்பி நின்று, "என்ன கோளாறுன்னு மட்டும் கண்டுபிடிச்சிருங்கண்ணே" என்றான். டீ குடிக்கச் சொன்னேன். வேண்டாம் என்று போய்விட்டான்.

என்ன கோளாறு என்று பார்ப்பதற்கு முன்னால் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. வேலை குறிக்கிற நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெல்லாம் கிரீஸ். தாளில் அங்கங்கே ஒட்டியிருக்கும்.

நாம் இரண்டு பேரும் ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். நான் முத்தையாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். நீ கடற்கரையிலிருந்து சைக்கிளில் வருவாய். ஆறே மாதத்தில், "இந்த ரூமுக்குள்ள காத்தே இல்லலே" என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போய்விட்டாய். நான் படித்து முடித்து, மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஷெட் போட்டேன். முதல் நாளே நீ ஒரு இன்ஜினைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாய். அதில் ஒரு கோளாறும் இல்லை. கடை திறந்த அன்று வேலை இல்லாமல் நான் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று கொண்டுவந்தாய் என்பதைப் பல வருடம் கழித்துத்தான் சொன்னாய்.

படகின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு இன்ஜினைக் குளிரவைப்பது கடல்தண்ணீர்தான். கீழே உள்ள பம்ப் உறிஞ்சி மேலே அனுப்பும். அது இன்ஜினைச் சுற்றிவிட்டு வெளியேறும். அதில் கொஞ்சம் பக்கவாட்டில் உள்ள துளை வழியாகப் பீய்ச்சி அடிக்கும். அந்தத் தண்ணீர் மெலிந்தால் உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். நான் அளவுமானி வைத்துப் பார்ப்பேன். நீ விரலை நீட்டுவாய். "ஒழுங்கா ஒண்ணுக்குப் போகுதுலே, இவனுக்கு ஒரு சீக்கும் இல்ல" என்பாய். ஷெட்டில் இருக்கிற எல்லாரும் சிரிப்பார்கள். நீ விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டு அடுத்த இன்ஜினிடம் போவாய். யாருடைய இன்ஜின் என்பதெல்லாம் உனக்குக் கணக்கே இல்லை.

நீ இறந்துபோவதற்கு ஒரு மாதம் முன்னால், தண்ணீர் மெலிந்து வருகிறது என்று இதே இன்ஜினைக் கொண்டுவந்தாய். முதலில் துளையில் கம்பி விட்டுக் குத்தினேன். உப்பு அடைத்திருந்தால் அதிலேயே சரியாகிவிடும். ஆகவில்லை. தண்ணீர் உறிஞ்சுகிற வலையைப் பார்த்தேன். பாசியோ பிளாஸ்டிக்கோ எதுவும் இல்லை. அப்புறம் கீழ்ப்பாகத்தை இறக்கிப் பம்பைத் திறந்தேன். உள்ளே சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லர் தேய்ந்து போயிருந்தது. ரப்பர் இறக்கைகள் ஆறு இருக்க வேண்டும். ஐந்துதான் இருந்தன.

"ஒரு றெக்க காணலையே" என்றேன்.

"தண்ணியோட வெளிய போயிருக்கும்."

"உள்ள எங்கயாவது சிக்கியிருந்தா? மேல பிரிச்சுப் பாத்துருவோம். நாளைக்கு மத்தியானம் ஆவும்."

"நண்டு வல போட்டு ரெண்டு நாளாச்சுலே. நாளைக்கும் எடுக்கலேன்னா எல்லாம் செத்து நாறிப் போவும். புதுச மாட்டி ஓட்டிப் பாரு. தண்ணி வந்தா எடுத்துட்டுப் போறேன். வந்ததும் கொண்டாந்து போடுதேன், நீ ஆற அமரப் பிரி."

மாட்டினேன். தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓட்டினேன். நல்ல வேகமாக அடித்தது. நீ விரலை நீட்டிவிட்டு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாய். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். அந்த 'சரி'யை நான்தான் சொன்னேன். நீ பிடுங்கி வாங்கவில்லை.

நீ திரும்பக் கொண்டுவரவில்லை. இன்ஜின் நன்றாக ஓடியது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை டீக்கடையில் பார்த்தோம். உன் மகள் நர்சிங் சேர்ந்ததைப் பற்றிப் பேசினோம், காற்று சரியில்லாததைப் பற்றிப் பேசினோம். அந்த இறக்கையைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எனக்கு மறந்துபோனது என்று சொன்னால் பாதி பொய். ஒரு தடவை ஞாபகம் வந்தது. அப்போது நீ வேறு யாருடனோ சிரித்துக்கொண்டிருந்தாய்.

நீ போன அன்றைக்குக் கடலில் நடந்ததை ராயப்பன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வலையில் பாதி எடுத்திருக்கிறீர்கள். நீ நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். "கேஸ்தான்லே, ஒண்ணுமில்ல" என்றாயாம். முகம் வேர்த்திருப்பதைப் பார்த்து அவன் மீதி வலையை அப்படியே விட்டுவிட்டு இன்ஜினை முறுக்கியிருக்கிறான். கரைக்கு ஒரு மணி நேர ஓட்டம். இருபது நிமிடத்தில் தண்ணீர் நூலாகி, பிறகு நின்றுவிட்டது. சூடேறி இன்ஜினும் நின்றது. தீவுக்குப் பக்கத்தில் வந்திருந்ததால் போனில் சிக்னல் இருந்திருக்கிறது. அவன் வேறு போட்டைக் கூப்பிடுகிறேன் என்றானாம். வேண்டாம் என்று அவன் கையிலிருந்து போனை வாங்கி என்னைத்தான் கூப்பிட்டாய்.

"ஏலே, தண்ணி வரமாட்டேங்கு. இன்ஜின் நின்னுட்டு. என்ன செய்ய?"

நான் வேறு ஒரு இன்ஜினின் கார்புரேட்டரைக் கையில் வைத்திருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன்.

"துளையில கம்பிய விட்டியா?"

"விட்டாச்சு."

"கீழ பாசி ஏதும் சுத்தியிருக்கா?"

"ராயப்பன் பாத்துட்டான். இல்ல."

"அப்பம் ஒரு அரமணி நேரம் ஆற விடு. அப்புறம் மெதுவா ஓட்டிட்டு வா. முறுக்காத. இப்படி என்ன அவசரம் ஒனக்கு?"

நீ மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. காற்று என்று நினைத்தேன்.

"அவசரம் ஒண்ணுமில்ல. சரிலே" என்றாய். அவ்வளவுதான்.

நீங்கள் அரை மணி நேரம் காத்திருந்தீர்கள். நான் சொன்னபடி. பிறகு ராயப்பன் மெதுவாக ஓட்டினான். நான் சொன்னபடி. இரண்டு தடவை நின்றது. கடைசியில் உன்னிடம் கேட்காமலேயே அவன் கத்திக் கூப்பிட, வேம்பார்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு படகு உங்களைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. கரையில் இறக்கும்போதே நீ இல்லை.

விஷயம் வந்தபோது கையிலிருந்த வேலையை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். இரண்டு போல்ட் பாக்கி இருந்தது. அதையும் முடுக்கினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. அடக்கத்தில் மண் போட்டேன். எல்லாரும் என் தோளைத் தட்டினார்கள். அவர்கள் கை பட்டது தெரிந்தது, அவ்வளவுதான்.

இதை எழுத ஆரம்பித்து ஒரு வாரமாகிவிட்டது. நடுவில் உன் இன்ஜினைப் பிரித்துவிட்டேன்.

வரிசையாகத்தான் போனேன். துளை, வலை, பம்ப். நான் மாட்டின இம்பெல்லர் புதிதுபோல இருந்தது. ஆறு இறக்கையும் இருந்தன. மேலே போகிற குழாயைக் கழற்றி ஊதினேன். காற்று தாராளமாகப் போனது. பிறகு சிலிண்டர் தலையைத் திறந்தேன். உப்பு கொஞ்சம் படிந்திருந்தது. சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரை விடுகிற தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே, தண்ணீர் குறுகிப் போகிற வாயில், அது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கறுப்பு ரப்பர். சுண்டுவிரல் நகம் அளவு. மெதுவாக ஓட்டும்போது எங்கேயோ ஒதுங்கிக் கிடந்திருக்கும். உன்னைக் காப்பாற்ற ராயப்பன் முழு வேகத்தில் முறுக்கியபோது, தண்ணீரின் வேகம் அதை அங்கே கொண்டுபோய்ச் செருகியிருக்கிறது.

இடுக்கியால் எடுத்துத் துணியில் வைத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டேன். முழுவதும் சாப்பிட்டேன். சாம்பாரில் உப்பு குறைவு என்பதுகூடத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி ஜெசிந்தா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ராயப்பனும் இருந்தான். துணியைப் பிரித்துக் காட்டினேன். போன தடவையே ஒரு இறக்கை குறைந்தது எனக்குத் தெரியும், தேடாமல் விட்டேன் என்று சொன்னேன். நீ போனில் பேசியதையும், நான் என்ன அவசரம் என்று கேட்டதையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் ரேஷன் கடையில் பேர் வாசிப்பதுபோல இருந்தது.

ராயப்பன் எழுந்து வெளியே போனான். ஜெசிந்தா அந்த ரப்பரைத் தொடவில்லை.

"ஒங்ககிட்ட நெஞ்சு வலிக்குன்னு சொல்லலையாண்ணே?"

"சொல்லல."

"எங்கிட்டயும் சொல்லல. அதுக்கு முந்துன ரெண்டு நாளும் வலிச்சிருக்கு. சட்டப் பையில கேஸ் மாத்திர அட்ட கெடந்துச்சு. நாலு மாத்திர காலி. அந்தச் சட்டய நான்தான் தொவச்சேன். அட்டய எடுத்து அலமாரில வச்சேன். எதுக்கு வாங்குனியன்னு கேக்கவே இல்ல." சுளகைக் கீழே வைத்தாள். "கேட்டிருந்தா மட்டும் சொல்லியிருப்பாவளா?"

நான் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அது வாயில் வரவில்லை. கொடுக்கிற எண்ணத்தில் அவளும் இல்லை. இரண்டு பேரும் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பிறகு அவள் சொன்னாள்:

"ராயப்பன் கடலுக்குப் போவணும். நல்லாப் பாத்துக் குடுங்க. இந்தத் தடவ முழுசாப் பாருங்க."

அந்த 'முழுசா' என்கிற சொல்லில் இருந்தது எல்லாம்.

பார்த்துக் கொடுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை ராயப்பனோடு நானும் படகில் போய் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். துறைமுகத்தில் நிலக்கரிக் கப்பல் நிற்கிற இடத்தைத் தாண்டி முழு வேகத்தில் முறுக்கச் சொன்னேன். தண்ணீர் குறையவில்லை. அவன் என்னோடு நான்கைந்து வார்த்தைதான் பேசினான். கரைக்கு வந்ததும் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். அதற்குமேல் அவனிடம் நான் கேட்க முடியாது.

உனக்காக நான் இன்னும் அழவில்லை. வரும்போது வரட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் ஒரு மாற்றம் இருக்கிறது, அதைச் சொல்கிறேன். நேற்று மத்தியானம் கடலிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். திரேஸ்புரத்துப் படகு. "அண்ணாச்சி, இன்ஜின் சூடாவுது, தண்ணி சரியா வரல" என்றார். நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். போனை நேராகக் காதில் பிடித்தேன்.

"படகுல எத்தன பேரு?"

"மூணு பேரு."

"மூணு பேரும் நல்லா இருக்கியளா? யாருக்கும் ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

அந்தப் பக்கம் அவர் சிரித்தார். "எங்களுக்கு என்ன அண்ணாச்சி? இன்ஜினுக்குத்தான் சீக்கு."

"இல்ல, ஒவ்வொருத்தரையும் கேட்டுச் சொல்லுங்க" என்றேன்.

அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டே மற்ற இரண்டு பேரையும் கேட்டார். அலைச் சத்தத்துக்கு நடுவே ஒருவன் ஒன்றுமில்லை என்றான். இன்னொருவன் என்ன கேள்வி இது என்றான். அவனும் ஒன்றுமில்லை என்று சொல்கிற வரைக்கும் காத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன்.