அந்தத் துகள் ஒட்டியிருக்கவில்லை

நீங்கள் போன பிறகு உங்கள் மகன் கொடுத்த சிறு புட்டியைத் திறந்தேன். அடியில் உறைந்துபோன தேவதாரு எண்ணெய் இன்னும் மணக்கிறது. நுண்ணோக்கியின் லென்சுக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் நடுவில் நீங்கள் ஒரு சொட்டு விடுவீர்களே, அதே எண்ணெய். புட்டியைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்ததும் கோபம் வந்துவிட்டது. அன்று நீங்கள் எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதத்தின் கார்பன் நகல்.

எழுபதுகளின் கடைசி. நீங்கள் சேலத்துக் கல்லூரியில் இயற்பியல் ஆய்வக உதவியாளர். நான் ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் மாவுப்பால் கலக்குபவன், படித்ததெல்லாம் நூலகத்தில். குவித்த லேசர் ஒளி தண்ணீரில் மிதக்கும் துகளைப் பிடித்து நிறுத்தும் என்று ஒரு பழைய இதழில் படித்துவிட்டு உங்களிடம் ஓடி வந்தேன். "வெளிச்சம் கை நீட்டிப் புடிக்குமாங்க?" என்று சிரித்தீர்கள். அடுத்த ஞாயிறே ஆய்வகச் சாவியோடு வந்து நின்றீர்கள்.

குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளியின் மாவைக் கரைத்து, தெளிந்த மேல்நீரில் ஒரு சொட்டு எடுத்தோம். லேசர் கண்ணைச் சுடாமலிருக்கப் பச்சைக் கண்ணாடி. பல ஞாயிறுகள் வீணாயின. பிறகு ஒருநாள் ஒரு பொடித்துகள் ஒளிமுனையில் சிக்கி, நடுங்கிக்கொண்டே நின்றது. கண்ணாடித் தகட்டை நகர்த்தும் திருகைத் திருப்பினீர்கள். மற்ற துகள்கள் எல்லாம் நகர்ந்தன. அது மட்டும் நின்றது. கையால் ஒளியை மறைத்தேன். "போயிருச்சுங்க சாமி" என்றீர்கள்.

மறுநாள் இன்னொன்றைப் பிடித்துத் துறைத் தலைவரைக் கூப்பிட்டீர்கள். ஒரு கணம் குனிந்து பார்த்தார். "கண்ணாடியில ஒட்டிக்கிட்டு இருக்குது. மாவு மில்காரனுக்கெல்லாம் ரூமைத் தொறந்து உடுவியா?"

"திருகைத் திருப்பிப் பாருங்க சார்" என்றேன். ஒட்டியிருந்தால் கண்ணாடியோடு சேர்ந்து நகரும். அவர் பின்னால் கட்டிய கையை எடுக்கவே இல்லை. வேலை போய்விடும் என்று பயந்து, 'ஒளி எதையும் பிடிக்கவில்லை, நான் பார்த்தது தவறு' என்று எழுதிக் கொடுத்தீர்கள்.

அதற்காக வருடக்கணக்கில் உங்களோடு பேசவில்லை. எண்பதுகளில், நம்மைப் போலவே ஒரே ஒளிக்கற்றையால் துகளைப் பிடித்துவிட்டார்கள் என்று வெளிநாட்டுச் செய்தி வந்தது. இதழை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். நிதானமாகப் படித்துவிட்டு, "கையெழுத்துப் போட்டது நானுங்க. அந்த மாவுத்துகள் போடலீங்களே" என்றீர்கள். நான் சிரிக்கவில்லை.

முதலில் பிடித்தது யார் என்ற வழக்கு எனக்கு வேண்டாம். நீங்கள் பார்த்தது தவறு என்று ஒரு காகிதம் சொல்லிக்கொண்டிருப்பதை மட்டும் விடமாட்டேன். உங்கள் கையெழுத்துக்குக் கீழே இடம் இருந்தது. 'திருகைத் திருப்பினோம். துகள் நின்றது. நானும் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, புட்டியை அதிலேயே மறுபடி சுற்றி வைத்திருக்கிறேன்.

நான் எழுதியதை அடித்துவிடச் சொல்லி யாராவது வந்தால், முதலில் அவர் திருகைத் திருப்பட்டும்.