அகராதிக்குள் இருந்த ஒப்பந்தம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதப்போகிறேன்.

நீ போர்க்கப்பலைவிட்டு வெளிநாட்டுத் துறைமுகத்தில் ஓடிவிட்டாய் என்கிறது நம் கடற்படை. அந்த நாட்டு நீதிபதியோ, "தப்பியோடியவன் என்றால் ஒப்படைப்பேன். பணிக்காலம் முடிந்து இறங்கியவன் என்றால் அவன்மேல் உங்களுக்கு அதிகாரமில்லை" என்றாராம். செய்தித்தாளில் வந்தது.

நேற்று கடற்படை அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். "பையன் பேப்பர் ஏதாவது வச்சிருக்கானாம்மா?" என்றார். "கிழிஞ்ச பனியன் ரெண்டு இருக்கு, எடுத்துட்டுப் போறீங்களா?" என்றாள் அம்மா. அவர் சிரிக்கவில்லை. போகும்வரை என் புத்தக அலமாரியையே பார்த்தார்.

உன் ஐந்தாண்டு ஒப்பந்தம் என் அகராதிக்குள் பத்திரமாக இருக்கிறது. பிப்ரவரி 3-இல் முடிகிறது. நீ இறங்கியது 9-ஆம் தேதி! கப்பலில் உள்ள பிரதியில் தேதிமேல் மை கொட்டிவிட்டதாம். கொட்டும், கொட்டும்.

நீ இருக்கும் சிறையின் முகவரி தெரியாததால் நம் தூதரகம் வழியாக அனுப்புகிறேன்.

உன் தங்கை

மார்ச் 19

அன்புத் தங்கைக்கு,

நலம். கையில் காயம், உடனிருப்பவர் எழுதித் தருகிறார். ஒப்பந்தத்தின் அசல் உடனே தேவை. நகல் எடுக்காதே, அது குற்றம். வீட்டுக்கு வந்த அதிகாரி நம்பிக்கையானவர். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

அண்ணன்

மார்ச் 24

அண்ணா,

உன் கடிதத்தை ஏழு முறை படித்தேன். ஒரு கேலிகூட இல்லையே! காயம் கையிலா, வாயிலா?

நீ வளர்த்த கிளி தினமும் உன்னைக் கூப்பிடுகிறது. அதற்கு என்ன சொல்லட்டும்?

தங்கை

ஏப்ரல் 1

அன்புத் தங்கைக்கு,

கிளியை நினைத்ததும் கண் கலங்கியது. அதற்கு என் முத்தம். அதிகாரி 20-ஆம் தேதி மாலை வருவார். அசலை அவர் கையில் கொடு.

அண்ணன்

ஏப்ரல் 20

ஐயா,

எங்கள் வீட்டில் கிளி இருந்ததே இல்லை. கோழி பறந்தாலே அண்ணன் கட்டில்மேல் ஏறிவிடுவான். நான் எழுதிய ஒரே பொய் அந்தக் கிளிதான். அதற்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

எந்த அரசு அவனை ஒப்படைக்கச் சொல்கிறதோ அதன் தூதரகம் வழியாகவே கடிதம் அனுப்பியது என் தவறு. "அகராதியே மனப்பாடம், ஆனா கவர்மேல யார் அட்ரஸ் எழுதறோம்னு யோசிக்கல பாரு!" என்று அம்மா தலையில் குட்டினாள். பிறகு அவளே என்னைத் தபால் நிலையத்துக்கு இழுத்துப்போனாள். அசலை அந்த நீதிபதியின் பெயருக்கே பதிவுத் தபாலில் அனுப்பினோம். பெற்றுக்கொண்டதாக நீதிமன்ற முத்திரையோடு அட்டை இன்று காலை வந்தது. நகலும் எடுத்தேன். நான்கு.

உங்கள் அதிகாரி வாசலில் நிற்கிறார். மூன்று முறை மணி அடித்துவிட்டார். இதைக் கதவுக்கடியில் தள்ளுகிறேன். உங்களிடம் சேர்த்துவிடுவார், நம்பிக்கையானவராயிற்றே.

அண்ணன் என்னைத் 'தங்கை' என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவன் கூப்பிடும் பெயரையே கீழே எழுதியிருக்கிறேன்.

வாத்தியாரம்மா

பின்குறிப்பு: எழுத்து கோணலாக இருக்கும். அம்மா விளக்குகளை அணைத்துவிட்டாள்.