தப்பு சொன்னால் இரண்டு பிஸ்கட்

ஜூன் 3, திங்கள்

குளியலறை வடிகாலில் இன்றும் யாருடைய முடியோ சுருண்டு கிடந்தது. குமட்டிக்கொண்டே குச்சியால் எடுத்துப் போட்டேன். பல நாடுகளிலிருந்து இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரத் தன்னார்வலர்களாக வந்திருக்கிறோம். தன் முடியை எடுத்துப் போட ஒருவருக்கும் தெரியவில்லை. என் அறைத்தோழி எந்நேரமும் தும்முவாள். மனதுக்குள் அவளுக்குத் ‘தும்மல்’ என்றே பேர் வைத்துவிட்டேன். ஈர சாக்ஸை என் கட்டில் கம்பியில்தான் காயப்போடுகிறாள்.

பயிற்சிக்கூடத்தை ஒட்டியுள்ள பள்ளியில் நாங்கள் பாடம் நடத்திப் பழக வேண்டும். மாதக் கடைசியில் மதிப்பீடு. தேறினால் மலைப்பக்கம் ஒரு பள்ளி கிடைக்கும். தேறாவிட்டால் அடுத்த குழுவோடு மறுபடி உட்கார வேண்டும், இல்லை ஊருக்குத் திரும்ப வேண்டும். “ஒரே மாசத்துல மூட்டையக் கட்டிட்டு வருவே பாரு” என்றான் அண்ணன். வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். தோற்றுப்போய் அவன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

ஜூன் 5, புதன்

நடத்திவிட்டேன்! கடன் வாங்கிக் கழித்தல். அரைகுறையாகக் கற்ற அவர்கள் மொழியிலேயே கேட்டேன்: ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால்? முன்வரிசை ஓட்டைப்பல் சிறுமி எழுந்து, “முப்பத்தஞ்சு” என்றாள். குச்சிக்கட்டைப் பிரித்துக் காட்டினேன். பென்சிலைக் கடித்தாள், கூரையைப் பார்த்தாள், நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள். “அட! இருபத்தஞ்சு!” வகுப்பே கைதட்டியது. எங்கள் பயிற்சியாளர் – வேகாத வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர், ஆகவே ‘கோட்டு’ – தலையாட்டிச் சிரித்தார்.

அம்மாவுக்குப் போன் செய்து இரண்டு தடவை சொன்னேன். “என் கண்ணு முன்னாடியே புரிஞ்சுதும்மா அவளுக்கு.” பின்னாலிருந்து அண்ணன்: “பாவம் அந்தக் கொழந்தைங்க.” வயிற்றெரிச்சல் பிடித்தவன்.

ஜூன் 6

கஞ்சியில் வண்டு. ஒதுக்கிவிட்டுக் குடித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

ஜூன் 10, திங்கள்

இன்று தும்மலின் முறை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். அதே கணக்கு. ஓட்டைப்பல் எழுந்தாள். “முப்பத்தஞ்சு.” பென்சில். கூரை. நெற்றியில் பட். “அட!”

போன புதன் என் வகுப்பிலும் இதேதான், இம்மி பிசகாமல்.

வகுப்பு முடிந்ததும் அவளைத் தேடிப் போனேன். கையில் இரண்டு பிஸ்கட். மற்ற பிள்ளைகளிடம் ஒவ்வொன்று.

“தப்பு சொன்னா ரெண்டு டீச்சர். கைதட்டினா ஒண்ணு. நான்தான் நல்லா நெத்தியில அடிச்சுக்குவேன்” என்றாள், பெருமையாக.

“உங்க கணக்கு டீச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?”

“அப்படி யாரும் இல்லையே. நீங்க யாராச்சும் வருவீங்க. எல்லாரும் இதான் நடத்துவீங்க.”

“இதுக்கு அடுத்த பாடம்?”

“அடுத்த பாடம்னா?”

ஜூன் 11

கோட்டிடம் கேட்டேவிட்டேன். “புதுசா வர்றவங்களுக்கு தன்னம்பிக்கை வேணாமாம்மா? மொத வகுப்பே சொதப்பினா பாதிப் பேர் ஓடிடுவாங்க. பசங்களுக்கும் பிஸ்கட் கிடைக்குது. யாருக்கு என்ன நஷ்டம்?” பேசிக்கொண்டே டீயில் நனைத்துத் தின்றார். அதே பிஸ்கட். தாடியெல்லாம் துகள். சீ!

அவரைச் சொல்லி என்ன? அம்மாகிட்ட ரெண்டு தடவை சொன்னேனே – வெக்கங்கெட்டவ. அதைத்தான் மறக்க முடியவில்லை.

ஜூன் 17, திங்கள்

தும்மலிடம் சொன்னேன். அவளுக்குத் தெரியுமாம். “அதனால என்ன? இங்க தேறிட்டு மலையில போய் நெஜமா நடத்திக்கலாம்.” அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதோ? ஆனால் நாங்கள் போன பிறகும் இந்தப் பிள்ளைகள் இங்கேதானே இருப்பார்கள்?

ஜூன் 26, புதன்

மதிப்பீடு. தலைமை அலுவலகத்து அம்மாள் வந்திருந்தார். ஐம்பத்திரண்டு என்று எழுதினேன். ஓட்டைப்பல் எழுந்திருக்கத் தயாரானாள். அழித்துவிட்டேன். பன்னிரண்டு குச்சிகளை மேசையில் வைத்து, மூன்று பேருக்குச் சமமாகப் பிரிக்கச் சொன்னேன்.

வகுப்பு பேந்தப் பேந்த விழித்தது. பழக்க தோஷத்தில் அவள் எழுந்தாள். பென்சிலைக் கடித்தாள். நெற்றிக்குப் போன கை பாதியில் நின்றது.

“டீச்சர்... இது நெஜமாவே தெரியல.”

என் கை தட்டிக் குச்சிகள் உருண்டோடின. அவர்கள் மொழியில் ‘சமமாக’ என்ற சொல் அந்த நேரம் பார்த்து மறந்து தொலைந்தது. பாதியில் மணி அடித்துவிட்டது. யாரும் கைதட்டவில்லை.

ஜூன் 27

தேறவில்லை. “அடுத்த குழுவோட உட்காரு, இல்லேன்னா டிக்கெட் போட்டுடறேன்” என்றார் கோட்டு. அண்ணனுக்கு நானே போன் செய்தேன். கிண்டல் செய்வான் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். “எப்ப வரே?” என்று மட்டும் கேட்டான்.

“வரல.”

ஜூன் 29

தும்மல் மலைக்குப் பஸ் ஏறினாள். ஒற்றை சாக்ஸ் என் கட்டிலிலேயே கிடக்கிறது. விரல் நுனியில் தூக்கிக் குப்பையில் போட்டேன்.

ஜூலை 3, புதன்

பள்ளி விட்டதும் வராந்தாவில் வகுத்தல். பிஸ்கட் கிடையாது என்றதும் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். ஓட்டைப்பல் முறைத்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

ஜூலை 15, திங்கள்

புதுக் குழு. இஸ்திரிச் சட்டை போட்ட பையன் ஒருவன் முதல் வகுப்பு எடுத்தான். ஐம்பத்திரண்டில் இருபத்தேழு. நான் கடைசி பெஞ்சில். கோட்டு இப்போதே சிரிக்கத் தயாராக நின்றார்.

ஓட்டைப்பல் எழுந்தாள். பென்சிலை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கூரையையும் பார்க்கவில்லை.

“இருபத்தஞ்சு. அதை அஞ்சு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு அஞ்சு. அடுத்தது என்ன சார்?”

பையன் சாக்பீஸோடு கோட்டின் முகத்தைப் பார்த்தான். கோட்டு திரும்பி என்னைப் பார்த்தார்.

இன்று அவளுக்கு ஒரு பிஸ்கட்கூடக் கிடைக்கவில்லை.