தீர்ந்துபோன முகவரிகள்

வெள்ளி, கருட சேவைக்கு மறுநாள்

எழுதினால் அடங்குமா தெரியவில்லை. மதியம் மின்சாரம் போய் வந்ததும் செவிலிமேடு ஆஸ்பத்திரியின் லேப் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் சேரவில்லை. யாரும் கவனிக்கவில்லை. ஐந்தாம் படுக்கை அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவு டாக்டருக்குப் போய்விட்டதாக லேபில் நினைத்தார்கள். டாக்டர் ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கிறார்.

நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் என்னைக் கூப்பிட்ட பிறகு ஃபயர்வாலைத் திறந்தேன். நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொன்றுக்கும் அது ஒரு முகவரி கொடுக்க வேண்டும். ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாம் நேற்று சேவிக்க வந்து ஊர் திரும்பிவிட்டவர்களின் ஃபோன்கள் பேரில் கிடந்தன.

வாட்ச்மேன் ஏழுமலை சொன்னார்: "நம்ம வாசல்ல மோர் குடிச்சிக்கினு வைஃபை கேட்டாங்க சார். மோர குடுத்துட்டு இத்த எப்டி இல்லன்றது?"

அவரைத் திட்ட வாய் வரவில்லை. கொடுத்த முகவரியை ஒரு வாரம் பிடித்துவைக்கும்படி அமைத்தது நான். லேபுக்கென்று ஒன்றைத் தனியே ஒதுக்காததும் நான். போய்விட்ட ஃபோன்களின் முகவரியை உடனே மீட்கும் நிரலை அந்த ஓப்பன் சோர்ஸ் ஃபயர்வாலுக்கு எழுதிக் கொடுத்தவனும் நான்தான். எங்கெங்கோ இருப்பவர்கள் அதைப் போட்டுக்கொண்டு நன்றி எழுதினார்கள். இங்கே மட்டும், திருவிழா முடியட்டும் என்று தள்ளிவைத்தேன்.

பழையதை எல்லாம் அழிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் மாடியில் அழுகைச் சத்தம் கேட்டது.

அந்த அம்மாவின் மகன் இறங்கி வந்தான். "சார், டேட்டா தீந்துடுச்சு. அக்கா துபாய்ல இருக்குது, அம்மா மூஞ்சிய காட்டணும். வைஃபை கெடைக்குமா?"

பாஸ்வேர்டைச் சொன்னேன். அவன் ஃபோனுக்கு உடனே முகவரி கிடைத்தது.