ஏழாம் ரீல்

அன்பு மருமகளே,

நீ எடுத்த சினிமா காப்பியா இல்லையா என்று நாளைக் காலை விருதுக் குழு முடிவு செய்கிறதாமே. உன் அம்மா போனில் அழுதாள். "நான் இருக்கேன்ல அக்கா" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

மழைச் சண்டை, ரயில் துரத்தல் எல்லாம் என் புரொஜெக்டர் ரூமில் நீ பார்த்த பழைய படங்களில் எடுத்ததுதான். அதற்கு டைட்டிலிலேயே நன்றி போட்டுவிட்டாய். புருஷன் செத்த செய்தி கேட்டதும் உன் கதாநாயகி சிரிக்கிறாளே, அதுதான் வம்பு. அந்தப் பழைய படங்களில் ஒன்றிலும் கதாநாயகி இப்படித்தான் சிரித்தாள், நம் ஊர்த் தியேட்டரிலேயே பார்த்தேன் என்று குழுவில் ஒரு பெரியவர் சத்தியம் செய்கிறாராம். சரிபார்க்க இன்று அதன் பிரதி எங்கும் இல்லை.

அவர் பார்த்திருப்பார். அன்று நாற்காலியை உடைத்த கூட்டத்தில் இருந்திருப்பார். கைதட்டினார்கள் என்று உன்னிடம் நான் சொன்னது கொஞ்சம் ஜோடனை.

உண்மையில் அந்தப் பழைய படத்தில் அவள் அழுதாள், மருமகளே. சாவுச் செய்தியோடு நாலாம் ரீல் முடிந்ததும், ஐந்தாம் ரீலுக்குப் பதில் ஏழாம் ரீலை மாட்டியது நான். அந்தச் சிரிப்பு மகள் கல்யாணத்தில் சிரித்தது.

"ஏன் மாமா சிரிக்கிறா?" என்று கேட்டாய். ஏழு வயசுக் குழந்தையிடம் மானம் போகக்கூடாதே என்று, "துக்கம் தொண்டையை அடைச்சா சிரிப்புதான் வரும்" என்று அளந்துவிட்டேன். அதை நம்பி நீ ஒரு பெண்ணையே படைத்துவிட்டாய். அவள் வேறு எந்தப் படத்திலும் இல்லை.

முப்பது வருஷத்தில் ரீல் மாறியதே இல்லை என்று ஊரெல்லாம் பீற்றிய இதே வாயால் நாளைக்கு அங்கே வந்து சொல்கிறேன். தடுக்காதே.

இப்படிக்கு,
ஒரே ஒரு தடவை ரீலை மாற்றி மாட்டிய உன் மாமா

(சரி, மூன்று தடவை.)